தடுக்கிய இடம் வேறு, விழுந்த இடம் வேறு: டீபக்கிங், மெமரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி, சி++ கற்கத் தொடங்கியவர்கள் மற்ற டெவலப்பர்களிடம் கொண்டுவரும் கேள்விகளில் பெரும்பாலானவை மெமரியைப் பற்றியவைதான். கேள்வியின் வேடம் மாறும், உள்ளே இருக்கும் ஆள் ஒருவர்தான்: நிரல் விழுந்த வரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்; தவறோ வேறெங்கோ, எப்போதோ நடந்திருக்கும். இப்படிக் கேட்டும் பதில் சொல்லியும் சேர்ந்தவை கீழே உள்ளவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. இரண்டாவது பதிலை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

நிரல் 'செக்மெண்டேஷன் ஃபால்ட்' என்று ஒரே வரியைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அதற்கு என்ன பொருள்?

தொடக்கூடாத முகவரி ஒன்றை உங்கள் நிரல் தொட்டுவிட்டது, இயங்குதளம் பிடித்து நிறுத்திவிட்டது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் காவலாளி பைட் பைட்டாகப் பார்ப்பதில்லை, பக்கம் பக்கமாகத்தான் பார்க்கிறது. சாதாரணக் கணினியில் ஒரு பக்கம் 4096 பைட். உங்களுக்குத் தரப்பட்ட பக்கத்துக்குள்ளேயே நீங்கள் எல்லை மீறினால் யாரும் தட்டிக் கேட்க மாட்டார்கள். அதனால்தான் பல தவறுகள் சத்தம் போடாமல் நடக்கின்றன.

இப்படி நிறுத்தும்போது இயங்குதளம் நிரலுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். லினக்ஸில் அதன் எண் 11. நிரல் முடிந்த குறியீடு 139 என்று வந்தால் 128-உடன் 11 சேர்ந்தது என்று பொருள். 134 என்றால் சிக்னல் 6, அதாவது நிரலுக்குள்ளேயே ஏதோ ஒரு சோதனை தோற்று, நிரல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு அபார்ட் ஆகியிருக்கிறது. 137 என்றால் சிக்னல் 9, வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் மெமரி தீர்ந்துபோய், இயங்குதளத்தின் மையமான கெர்னலே கொன்றிருக்கும். அந்த நேரத்தில் பாயிண்டரை (மெமரி முகவரியை வைத்திருக்கும் வேரியபிளை) தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், நிரல் எவ்வளவு மெமரி தின்றது என்று பாருங்கள்.

நல் பாயிண்டரால், அதாவது எந்த இடத்தையும் காட்டாத பாயிண்டரால், விழுந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கிராஷ்களிலேயே நல்ல கிராஷ் அதுதான். தொட்ட இடத்திலேயே விழும். 1965-ல் அல்கால் டபிள்யூ மொழியில் நல் ரெஃபரன்ஸைக் கொண்டுவந்த டோனி ஹோர், 2009-ல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொல்லிக்கொண்டார். அவர் அப்படி நொந்துகொண்டாலும், மற்ற மெமரித் தவறுகளோடு ஒப்பிட்டால் நல் ஒரு சாது.

கிராஷ் ஆகும் வரியில் எந்தத் தவறும் இல்லை. நூறு முறை பார்த்துவிட்டேன். என்னதான் செய்வது?

நூற்றோராவது முறை பார்க்காதீர்கள். அந்த வரியில் தவறு இல்லை என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். தடுக்கிய இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வரிகள் ஓடியிருக்கலாம், சில மணி நேரம்கூடக் கழிந்திருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. பயனரின் பெயரைப் பிரதி எடுக்கிறீர்கள். ஸ்டர்லென்னால் நீளத்தை அளந்து, அத்தனை பைட்டை மெமரி கொடுக்கும் ஃபங்ஷனான மாலாக்கிடம் வாங்கி, ஸ்டர்காப்பியால் எழுதுகிறீர்கள். சி மொழியில் ஒவ்வொரு சரத்தின் முடிவிலும் ஒரு பூஜ்ய பைட் உண்டு. ஸ்டர்லென் அதை எண்ணாது, ஸ்டர்காப்பி அதையும் சேர்த்து எழுதும். ஆக, ஒவ்வொரு முறையும் ஒரு பைட் வேலி தாண்டுகிறது.

சோதனைக்கு 'கண்ணன்' என்று கொடுக்கிறீர்கள். நன்றாக ஓடுகிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். கண்ணனில் க, ண, புள்ளி, ண, ன, புள்ளி என்று 6 குறியீடுகள், மொத்தம் 18 பைட். 64 பிட் லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஜிலிப்சி நூலகம், நீங்கள் 18 கேட்டாலும் 24 பைட் கொள்ளும் துண்டைத்தான் தரும். தாண்டிய பூஜ்யம் அந்த உபரி இடத்தில் விழுந்து கிடக்கிறது, யாருக்கும் தெரியாது.

ஒருநாள் 'கண்ணம்மா' வருகிறார். 8 குறியீடுகள், மிகச்சரியாக 24 பைட். இப்போது 25-வதாக எழுதப்படும் பூஜ்யம், அடுத்த துண்டின் அளவை மாலாக் குறித்துவைத்திருக்கும் இடத்தில் போய் உட்கார்கிறது. அப்போதும் கிராஷ் இல்லை! வேறு ஏதோ ஒரு ஃபங்ஷன், தனக்கு முறைப்படி கிடைத்த அந்த அடுத்த துண்டை முறைப்படி ஃப்ரீ செய்யும்போதுதான், அதாவது திருப்பித் தரும்போதுதான், கணக்கு உதைக்கிறது. 'ஃப்ரீ: இன்வாலிட் பாயிண்டர்' என்பது போல ஒரு செய்தியோடு நிரல் நிற்கிறது. பழி அந்த அப்பாவி ஃபங்ஷன் மேல் விழுகிறது. நீங்கள் நூறு முறை பார்த்த வரி அதுதான்.

'என் கணினியில் ஓடுகிறதே' என்ற புலம்பலுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. உபரி இடம் எவ்வளவு, பக்கத்தில் எது இருக்கிறது என்பதெல்லாம் நூலகத்துக்கு நூலகம், பதிப்புக்குப் பதிப்பு மாறும். விழுந்த வரியைக் கண்டதும், அங்கே தொடப்பட்ட மெமரி எங்கே பிறந்தது, யாருக்குச் சொந்தம், அதன் அண்டை வீட்டில் கடைசியாக எழுதியது யார் என்று பின்னோக்கிப் போங்கள். கீழே வரும் கருவிகள் எல்லாம் இந்தப் பின்னோக்கிய நடையைச் சுருக்குவதற்காகத்தான்.

ஸ்டேக், ஹீப் இரண்டும் ஒரே ரேம்தானே? ஏன் இத்தனை பேச்சு?

ஒரே ரேம்தான். ஆயுள்தான் வேறு. ஃபங்ஷனுக்குள் அறிவித்த வேரியபிள் ஸ்டேக்கில் இருக்கும், ஃபங்ஷன் முடிந்ததும் அதன் கதை முடிந்தது. ஹீப்பில் வாங்கியது நீங்கள் திருப்பித் தரும்வரை இருக்கும்.

உள்ளூர் அரேயின் முகவரியை ரிட்டர்ன் செய்வது புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை செய்யும் தவறு. கொடுமை என்னவென்றால், அது சில சமயம் சரியான விடையையே காட்டும். அடுத்த ஃபங்ஷன் அதே இடத்தை மிதிக்கும்வரை பழைய மதிப்பு அங்கேயே கிடக்கும். அப்புறம், ஸ்டேக் சின்னது. முதன்மைத் த்ரெட்டுக்கு (ஒரு நிரலுக்குள் தனித்தனியே ஓடும் இழைகளில் முதலாவதுக்கு) லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. பத்து லட்சம் இன்ட் கொண்ட அரேயை ஃபங்ஷனுக்குள் அறிவித்தால் 4 எம்பி. ஒன்றில் ஓடும், மற்றொன்றில் விழும்.

பிரிண்ட் போட்டுத் தேடுவது மட்டமான வழியா?

இல்லை. முப்பது வருட அனுபவசாலிகளும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஒரே ஒரு பொறி இருக்கிறது. பிரிண்ட்எஃப் எழுதுவது உடனே வெளியே வராது, பஃபர் என்ற தற்காலிக இடத்தில் தங்கும். வெளியீட்டைக் கோப்புக்கோ பைப்புக்கோ திருப்பியிருந்தால் பஃபர் நிரம்பும்வரை தங்கும். அதற்குள் நிரல் விழுந்தால் அந்த வரிகள் எல்லாம் அதோடு போய்ச் சேரும். 'கடைசியாக வந்த பிரிண்ட் இது, ஆகவே தவறு இதற்கு அடுத்த வரியில்' என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். உண்மையில் நிரல் அதற்கப்பால் வெகுதூரம் போயிருக்கும். பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீடான எஸ்டிடிஎர்ருக்கு எழுதுங்கள், அங்கே பஃபரில் தேங்காது.

டீபக்கரில் நூற்றுக்கணக்கான கட்டளைகள் உள்ளன. எவற்றைக் கற்றால் போதும்?

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் எழுதத் தொடங்கிய ஜிடிபியோ, எல்எல்டிபியோ, விஷுவல் ஸ்டுடியோவில் உள்ளதோ, நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் எந்த டீபக்கரானாலும் நான்கு போதும்.

முதலில் பேக்ட்ரேஸ். யார் யாரை அழைத்து இங்கே வந்து சேர்ந்தோம் என்ற வம்சாவளி. கிராஷ் ஆனவுடன் வேறு எதையும் தொடாமல் இதைப் பாருங்கள். இரண்டாவது பிரேக்பாயிண்ட், அதாவது குறித்த வரி வந்ததும் நிரலை நிறுத்துவது, அதிலும் நிபந்தனையோடு வைப்பது. லூப் 5000-வது சுற்றில்தான் தவறுகிறது என்றால் 4999 முறை 'தொடர்' என்று அழுத்திக்கொண்டிருக்க முடியாது. மூன்றாவது, வேரியபிளின் மதிப்பைப் பார்ப்பதும், கச்சா மெமரியைப் பைட்டாகப் பார்ப்பதும்.

நான்காவது வாட்ச்பாயிண்ட். இதைச் சொல்லித்தர ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 'இந்த முகவரியில் உள்ள மதிப்பு மாறினால் நிறுத்து' என்று சொல்லிவிட்டால், மாற்றிய வரியில் டீபக்கர் கையும் களவுமாகப் பிடித்து நிற்கும். யாருமே தொடாத வேரியபிள் தானாக மாறுகிறது என்று புலம்புபவர்களுக்கு இது மருந்து. எக்ஸ்86 பிராசஸரில் இதற்கென்றே நான்கு ரெஜிஸ்டர்கள் இருப்பதால் வேகமும் குறையாது. நான்குக்கு மேல் கேட்டால்தான் தகராறு.

கம்பைல் செய்யும்போது டீபக் தகவலைச் சேர்க்கவும், ஆப்டிமைசேஷனை (வேகத்துக்காகக் கம்பைலர் நிரலை மாற்றியமைப்பதை) அணைக்கவும் மறக்காதீர்கள். மறந்தால் 'ஆப்டிமைஸ்ட் அவுட்' என்று டீபக்கர் கையை விரிக்கும்.

வால்கிரைண்டா, அட்ரஸ் சானிட்டைசரா? எது நல்லது?

இரண்டும் ஓடும் நிரலில் மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கருவிகள். மீண்டும் கம்பைல் செய்ய முடியுமென்றால் முதலில் அட்ரஸ் சானிட்டைசர். கூகுள் பொறியாளர்கள் உருவாக்கியது. கிளாங், ஜிசிசி என்ற இரண்டு கம்பைலர்களிலும் கட்டளையோடு ஒரு கொடியை (flag) சேர்த்தால் வந்துவிடும். ஒவ்வொரு மெமரித் துண்டைச் சுற்றியும் தொடக்கூடாத வேலி ஒன்றைப் போட்டுவிடும். ஃப்ரீ செய்த துண்டை உடனே மறுபடி கொடுக்காமல் தனியே அடைத்துவைத்திருக்கும். நிரல் ஏறத்தாழ இரண்டு மடங்கு மெதுவாகும், அன்றாட வேலைக்கு இது பரவாயில்லை.

கண்ணம்மா நிரலை இதோடு ஓட்டுங்கள். ஸ்டர்காப்பி நடக்கும் அந்த நொடியிலேயே நின்று, 'ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ, 24 பைட் பகுதிக்கு 0 பைட் அப்பால்' என்ற பொருளில் செய்தி வரும். கண்ணனுக்கும் அப்படியே வரும், ஏனென்றால் இங்கே ஒளிந்துகொள்ள உபரி இடம் கிடையாது. தடுக்கிய இடமும் விழுந்த இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

அறிக்கையின் நீளத்தைப் பார்த்து மிரளாதீர்கள். அதில் இரண்டு அல்லது மூன்று பேக்ட்ரேஸ் இருக்கும்: தவறாகத் தொட்டது எங்கே, (விடுவித்த பின் தொட்டிருந்தால்) விடுவித்தது எங்கே, முதலில் வாங்கியது எங்கே. பலர் முதலாவதை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். ஃப்ரீ செய்த பின் தொட்ட வழக்குகளில் குற்றவாளி பெரும்பாலும் நடுவில் இருப்பவர். அறிக்கையின் அடியில் வரும் நிழல் மெமரிக் கட்டங்களை (சானிட்டைசர் தனக்காக வைத்திருக்கும் கணக்கு) இப்போதைக்குத் தாண்டிப் போய்விடலாம்.

வால்கிரைண்டின் முதல் வெளியீடு 2002-ல் வந்தது. அதன் மெம்செக் கருவிக்கு நிரலைத் திரும்பக் கம்பைல் செய்யத் தேவையில்லை, ஆனால் 20, 30 மடங்கு மெதுவாக ஓடும். அதன் பலம் வேறொன்று: மதிப்பு கொடுக்காத வேரியபிளை நம்பி நீங்கள் ஒரு முடிவெடுத்தால் சொல்லிவிடும். அட்ரஸ் சானிட்டைசர் அதைக் கவனிக்காது. கிளாங்கில் அதற்குத் தனியே மெமரி சானிட்டைசர் உண்டு. மறுபக்கம், ஸ்டேக்கில் உள்ள அரே எல்லை மீறினால் மெம்செக் பெரும்பாலும் கோட்டை விட்டுவிடும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்துப் போடாதீர்கள், ஒத்துவராது. இரண்டு முறை ஓட்டுங்கள்.

டீபக்கரில் ஓட்டினால் பக் காணாமல் போய்விடுகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

இதற்கு 'ஹைசன்பக்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உற்று நோக்கினால் நடத்தை மாறுவது. மாயம் இல்லை, காரணம் இருக்கிறது. லினக்ஸில் ஜிடிபி முகவரிகளைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிட்டு ஓட்டுகிறது. ஆப்டிமைசேஷனை அணைத்ததால் வேரியபிள்களின் இடம் மாறுகிறது. நீங்கள் சேர்த்த ஒரு பிரிண்ட் வரி, இரண்டு த்ரெட்டுகளுக்கு இடையிலான ஓட்டப்பந்தயத்தின் நேரத்தை மாற்றிவிடுகிறது.

மதிப்பு கொடுக்காத வேரியபிளை முதலில் சந்தேகப்படுங்கள். அதற்கு அடுத்தது த்ரெட். விஷுவல் ஸ்டுடியோவின் டீபக் ஓட்டம் ஓர் உதவி செய்கிறது: ஹீப்பில் புதிதாக வாங்கிய, இன்னும் எழுதப்படாத இடத்தைப் பதினாறடிமான எண் சிடி என்பதாலும், விடுவித்த இடத்தை டிடி என்பதாலும் நிரப்பிவைக்கும். ஒரு பாயிண்டரின் மதிப்பு சிடிசிடிசிடிசிடி என்று தெரிந்தால் அதை யாரும் இன்னும் எழுதவில்லை. டிடிடிடிடிடிடிடி என்றால் செத்தவரிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

எதுவும் பலிக்கவில்லையா? டீபக்கருக்குள் ஓட்டாமல் வெளியே ஓட்டி, விழும்போது கோர் டம்ப் (அந்த நேரத்து மெமரியின் நகல்) எடுத்துக்கொண்டு, அதைப் பிறகு டீபக்கரில் திறந்து பாருங்கள்.

ஃப்ரீ செய்ததும் பாயிண்டரை நல் ஆக்கினால் போதும்தானே?

அந்த ஒரு பிரதிக்குப் போதும். அதே முகவரியை வைத்திருக்கும் மற்ற மூன்று பாயிண்டர்களுக்கு யார் சொல்வது? மெமரிக்குச் சொந்தக்காரர் யார் என்பதை முடிவு செய்வதுதான் நிரந்தரத் தீர்வு. சி மொழியில் அதை ஃபங்ஷன் பெயரிலும் குறிப்பிலும் எழுதிவைக்க வேண்டும். சி++ 11-க்குப் பிறகு யுனிக் பாயிண்டர் இருக்கிறது, அதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஷேர்ட் பாயிண்டரைச் சோம்பலுக்காகப் போடாதீர்கள். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் இரண்டுமே விடுபடாது.

நிரல் முடிந்ததும் மெமரியை இயங்குதளம் எப்படியும் எடுத்துக்கொள்ளுமே, லீக்கை (திருப்பித் தராமல் கசியும் மெமரியை) பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

இரண்டு நொடி ஓடி முடியும் நிரலுக்கு நீங்கள் சொல்வது நியாயம்தான். இதை ஒப்புக்கொள்ளப் பலர் தயங்குகிறார்கள், எனக்குத் தயக்கமில்லை. முடிகிற நேரத்தில் ஒவ்வொன்றாக ஃப்ரீ செய்வது சில சமயம் வெறும் சடங்கு.

சர்வர் கதை வேறு. ஒரு கோரிக்கைக்கு 200 பைட் கசிகிறது, நொடிக்கு 100 கோரிக்கை வருகிறது என்று வையுங்கள். நொடிக்கு 20,000 பைட், மணிக்கு 72 எம்பி, நாளுக்கு 1.7 ஜிபிக்கு மேல். பகலில் எல்லாம் சரியாக இருக்கும், மூன்றாம் நாள் விடியற்காலையில் 137 என்ற குறியீட்டோடு செத்துக் கிடக்கும். அப்போது எந்தக் கோரிக்கை கையில் இருந்ததோ அதன் மேல் சந்தேகம் திரும்பும். பாவம், அது கடைசித் துளி மட்டுமே.

வால்கிரைண்ட் அறிக்கையில் 'டெஃபினிட்லி லாஸ்ட்' என்பதை முதலில் பாருங்கள். யாருமே பிடித்திருக்காத மெமரி அது. 'ஸ்டில் ரீச்சபிள்' என்பது கடைசிவரை யாரோ பிடித்திருந்தது, அவசரமில்லை. ஆனால் நேரம் ஆக ஆக அந்த எண் வளர்ந்தால் அதுவும் கசிவுதான்.

ஒரே ஒரு பைட் தாண்டினால் உலகம் அழிந்துவிடுமா?

1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மாரிஸ் வோர்ம் என்ற தீநிரல், பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சர்வரில் 512 பைட் பஃபருக்குள் எல்லை பார்க்காமல் படித்த கெட்ஸ் ஃபங்ஷனைத்தான் தன் வழிகளில் ஒன்றாகப் பயன்படுத்தியது. அந்த கெட்ஸ் 2011-ன் சி தரத்தில்தான் ஒருவழியாக நீக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் வெளியே தெரிந்த ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை, எழுதக்கூட இல்லை, எல்லை தாண்டிப் படித்தது மட்டுமே. இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல், எதிர்ப்பக்கம் சொன்ன நீளத்தை அப்படியே நம்பி ஒவ்வொரு முறையும் 64 கேபி வரை தன் மெமரியை அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல்லும் ரகசியச் சாவியும்கூட இருக்கலாம். ஹார்ட்ப்ளீட்டில் கிராஷே கிடையாது என்பதைக் கவனியுங்கள். விழுந்த இடமே இல்லாத தடுக்கல் அது.

எதைக் கேட்டாலும் 'அன்டிஃபைண்ட் பிஹேவியர்' என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறார்கள். அப்படியென்றால் என்ன?

சொல்பவர்கள் சோம்பேறித்தனமாகச் சொல்வதும் உண்டு, ஆனால் விஷயம் உண்மை. மொழியின் தரம் சில செயல்களுக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொண்டு, அந்த நம்பிக்கையில் உங்கள் நிரலைச் சுருக்குகிறது.

2009-ல் லினக்ஸ் கெர்னலில், மெய்நிகர் நெட்வொர்க்குக்கான டன் (TUN) டிரைவரில் நடந்தது நல்ல பாடம். ஒரு பாயிண்டரை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரிகளில் 'இது நல் பாயிண்டரா?' என்று சோதித்திருந்தார்கள். ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று, ஆகவே நல் பாயிண்டராக இருக்க முடியாது என்று ஜிசிசி அந்தச் சோதனையையே தூக்கிவிட்டது. பாதுகாப்பு ஓட்டை திறந்துகொண்டது. மூல நிரலில் சோதனை கண்ணெதிரே இருக்கிறது, ஓடும் நிரலில் இல்லை. 'ஆப்டிமைசேஷன் போட்டால்தான் விழுகிறது, கம்பைலரில் பக்' என்று வருபவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

நான் பைத்தான், ஜாவா எழுதுகிறேன். குப்பை சேகரிப்பான் இருக்கும்போது இது எனக்கு எதற்கு?

யாரும் பிடித்திராத பொருளைத்தான் சேகரிப்பான் எடுக்கும். நீங்கள் மறந்தும் விடாமல் பிடித்திருப்பதை எடுக்காது. அளவு வரம்பில்லாத கேஷ், பதிவு செய்து நீக்காத லிசனர், உலகளாவிய லிஸ்ட்டில் சேர்ந்துகொண்டே போகும் பொருள்கள், இந்த மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். ஜான் மெக்கார்த்தி 1959 வாக்கில் லிஸ்ப்புக்காகக் குப்பை சேகரிப்பைக் கண்டுபிடித்த காலம் தொட்டு இந்த எல்லை மாறவில்லை. பைத்தானில் ட்ரேஸ்மாலாக் என்ற மாட்யூல் கூடவே வருகிறது: இரண்டு நேரங்களில் படம் எடுத்து, நடுவே எந்த வரி அதிகம் வாங்கியது என்று ஒப்பிடலாம். ஜாவாவில் ஹீப் டம்ப் எடுத்து, பெருத்துப்போன பொருளை யார் பிடித்திருக்கிறார்கள் என்று சங்கிலியைப் பின்தொடருங்கள். அதே பின்னோக்கிய நடைதான்.

ரஸ்ட் மொழியைக் கற்றுக்கொண்டால் இந்தத் தொல்லை எல்லாம் போய்விடுமா?

பெரும்பகுதி போய்விடும். தங்கள் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரித் தவறுகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. கடுமையான ஓட்டைகளைப் பற்றி, குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியத்தின் குழுவும் 2020-ல் அதே அளவைச் சொன்னது. 2015-ல் 1.0 ஆன ரஸ்ட், சொந்தக்காரர் யார் என்ற கேள்வியைக் கம்பைல் நேரத்திலேயே கேட்டுவிடுகிறது. ஆனால் சி-யில் இரண்டு மாதம் அடிபட்டவர்களுக்குத்தான் அந்தக் கம்பைலர் ஏன் இப்படித் திட்டுகிறது என்று சட்டெனப் புரிகிறது.

நேற்று வரை ஓடியது. எந்த மாற்றத்தால் கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிரலின் மாற்றங்களைக் கமிட்டுகளாகப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் பைசெக்ட் கட்டளை. நன்றாக இருந்த ஒரு கமிட், கெட்டுப்போன ஒரு கமிட் இரண்டையும் சொன்னால் நடுவில் உள்ளதைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லும். 1000 கமிட் இருந்தாலும் 10 சுற்றில் முடிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: மெமரித் தவறு என்றால் 'கிராஷ் ஆகிறதா' என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். சானிட்டைசரோடு ஓட்டி முடிவு செய்யுங்கள். இல்லையென்றால், பழைய தவறை வெளியே காட்டிக்கொடுத்த ஒரு புண்ணியவான் கமிட்டைப் பிடித்துத் தூக்கில் போடுவீர்கள்.

மற்ற டெவலப்பர்களிடம் உதவி கேட்கும்போது எதையெல்லாம் கொடுக்க வேண்டும்?

மற்றவர்களுக்கும் அதே தவறைக் காட்டும் மிகச்சிறிய நிரல். இதுதான் முக்கியம், மற்றவை இதற்கு அப்புறம்.

ஒருமுறை நான் மூன்று நாள் ஒரு பக்கைத் துரத்தினேன். பெரிய அரே ஒன்றைப் பூஜ்யமாக்கிவிட்டுத் தொடங்கும் நிரல். ஆனாலும் உள்ளே குப்பை மதிப்புகள். கம்பைலரைத் திட்டினேன், நூலகத்தைத் திட்டினேன். கடைசியில் உதவி கேட்கலாம் என்று 1200 வரியை வெட்ட ஆரம்பித்தேன். 400, 100, பிறகு 30 வரி. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் கண்ணில் பட்டது: ஃபங்ஷனுக்கு வந்த அரேயின் அளவை அறிய சைஸ்ஆஃப் போட்டிருந்தேன். அங்கே அது அரே இல்லை, வெறும் பாயிண்டர், விடை 8. எட்டே எட்டு பைட்டைப் பூஜ்யமாக்கிவிட்டு மூன்று நாள் உலகத்தைக் குறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்வி அனுப்பப்படவே இல்லை. வெட்டிக் குறைக்கும்போது பாதிப்பேருக்கு இப்படித்தான் நடக்கிறது.

வெட்டும்போது தவறு மறைந்துவிட்டால் அதுவும் துப்புதான். கடைசியாக வெட்டிய பகுதியைத் திரும்பப் பாருங்கள். அது குற்றவாளியாக இருக்கலாம், அல்லது மெமரி அமைப்பை மாற்றியதால் குற்றம் ஒளிந்துகொண்டிருக்கலாம்.

அப்புறம், கம்பைலரின் பெயர், பதிப்பு, கொடுத்த கொடிகள், இயங்குதளம், பிழைச் செய்தி முழுவதும். செய்தியை எழுத்தாகக் கொடுங்கள், திரையைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். எச்சரிக்கைகள் வந்திருந்தால் அவற்றையும் கொடுங்கள். 'அதெல்லாம் வெறும் வார்னிங்' என்று ஒதுக்கிய வரியில்தான் விடை இருந்த கதைகள் ஏராளம். உங்கள் ஊகத்தைச் சொல்லலாம், ஆனால் ஊகம் என்று சொல்லிச் சொல்லுங்கள். வாங்கிய மெமரியின் அளவை மாற்றும் ரீஆலாக்கைப் பற்றி 'ரீஆலாக் வேலை செய்யவில்லை' என்று எழுதாமல், 'ரீஆலாக்குக்குப் பிறகு பழைய பாயிண்டர் வழியே படித்தால் குப்பை வருகிறது' என்று கண்டதை எழுதினால் முதல் ஆளே பதில் சொல்லிவிடுவார்.

விடை கிடைத்ததும் ஒரு வேலை பாக்கி: எது காரணம், எதை மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். 'சரியாகிவிட்டது, நன்றி' என்று மட்டும் முடிந்திருக்கும் பழைய உரையாடலை நள்ளிரவில் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்தால் சரிசெய்து தராதா?

பல சமயம் தரும். விழுந்த வரியில் ஒரு நல் சோதனையைச் சேர்த்துக் கொடுத்தால் மட்டும் உஷாராக இருங்கள். கிராஷ் நிற்கும், நல் எங்கிருந்து வந்தது என்பது அப்படியே இருக்கும். திருத்தத்துக்குப் பிறகு சானிட்டைசரோடு ஓட்டிப் பாருங்கள்.

'பக்' என்ற சொல்லே கணினிக்குள் சிக்கிய பூச்சியிலிருந்து வந்ததாமே?

பூச்சி உண்மை, சொல் அதற்கு முந்தையது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டது, குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். ஆனால் 1878-லேயே எடிசன் தன் கடிதத்தில் இயந்திரக் கோளாறுகளுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். பூச்சிக்குப் பக்கத்தில் 'நிஜமாகவே பக் ஒன்று கிடைத்த முதல் நிகழ்வு' என்ற பொருளில் எழுதியிருப்பதே பழைய சொல்லை வைத்துச் செய்த கேலிதான்.

இதையெல்லாம் படித்தால் மட்டும் வருமா? எப்படிப் பயிற்சி செய்வது?

வராது. வேண்டுமென்றே தவறான நிரல்களை எழுதுங்கள், ஒவ்வொன்றும் இருபது வரிக்குள். ஒன்றில் கண்ணம்மாவின் ஒரு பைட். ஒன்றில் ஃப்ரீ செய்த பின் படிப்பது. ஒன்றில் இரண்டு முறை ஃப்ரீ. ஒன்றில் மதிப்பு கொடுக்காத வேரியபிளை வைத்து இஃப். சி++ என்றால், வெக்டரின் ஓர் உறுப்புக்குப் பாயிண்டர் எடுத்துக்கொண்டு, அது இடம் மாறும்வரை புஷ்பேக் செய்துவிட்டு, பழைய பாயிண்டரைத் தொடுவது. ஒவ்வொன்றையும் வெறுமனே ஓட்டி, சானிட்டைசரில் ஓட்டி, வால்கிரைண்டில் ஓட்டி, மூன்றும் என்ன சொல்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தமுறை வேறொருவர் கொண்டுவரும் அறிக்கையைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். அடுத்தவர் பக்கைப் பிடித்துக் கொடுப்பதுதான் நான் கண்ட மிகச்சிறந்த வகுப்பு.

கடைசியாக ஒன்றை மட்டும் எந்த உதவியும் இல்லாமல் முயலுங்கள். ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் 8 எழுத்துக் கொண்ட சார் அரே, அதற்கு அடுத்து ஓர் இன்ட். லூப் போட்டு, பாயிண்டர் வழியே அரேயில் 9 எழுத்து எழுதுங்கள். இன்ட் மாறிவிடும். அட்ரஸ் சானிட்டைசர் வழக்கமான அமைப்பில் வாய் திறக்காது, வால்கிரைண்டும் திறக்காது, ஏனென்றால் இரண்டின் கணக்கிலும் அந்த ஸ்ட்ரக்ட் முழுக்க உங்கள் வீடு. இன்ட்டின் மேல் வாட்ச்பாயிண்ட் வைத்து ஓட்டுங்கள்.